சிறைச்சுவருக்குள் ஓர் எழுதாச் சட்டம்



"கொலைக் குற்றவாளி" என்னும் சொல்லைச் செய்தித்தாளில் வாசிக்கும்போது உங்கள் மனக்கண்முன் எத்தகைய மனிதன் தோன்றுகிறான்? இரக்கமற்றவன், நன்மை தீமை அறியாதவன், மனச்சாட்சி மரத்துப்போனவன் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அப்படிப்பட்டவர்களை அடைத்து வைத்திருக்கும் மதிலுக்குள் வார்டரின் தடியைத் தவிர வேறு சட்டம் இருக்க முடியாது என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

உண்மை அப்படியன்று. கொலை, கொள்ளை, ஆயுதத் தாக்குதல் ஆகியவற்றுக்காக நீண்டகாலத் தண்டனை பெற்றோர் நிறைந்த சிறைகளிலும் "இது தகும், இது தகாது" என்று வரையறுக்கும் கண்டிப்பான சட்டம் ஒன்று நிலவுவதை ஆய்வாளர்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவு செய்து வருகிறார்கள். அது எந்தச் சுவரிலும் எழுதப்பட்டதன்று. எந்த அதிகாரியும் பிறப்பித்ததன்று. அதை வகுத்தவர்களும் காக்கிறவர்களும் கைதிகளே. அதை மீறினவனைத் தண்டிக்கிறவர்களும் அவர்களே.

இதை நாம் ஏன் அறியவேண்டும்? மனிதனுக்குள் எளிதில் அணைந்துபோகாத மனச்சாட்சி அந்தச் சட்டத்தில் தெரிகிறது. அந்த மனச்சாட்சி தன்னைத்தானே வஞ்சித்துக்கொள்ளும் விதமும் அதிலேயே தெரிகிறது. கூர்ந்து நோக்கினால், மதிலுக்கு வெளியே வாழும் நம்முடைய முகமும் அதில் தெரியும்.

டிரென்டன் சிறையில் கண்டது

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் மெனார்டு சிறையில் பணியாற்றிய டொனால்டு கிளெம்மர், 1940-ல் சிறைச் சமுதாயத்தைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். புதிதாக உள்ளே வருகிறவன் நாளடைவில் அங்குள்ள பேச்சையும் பழக்கத்தையும் நெறியையும் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதை அவர் விளக்கினார். அவருக்குப் பின் கிரெஷம் ஸைக்ஸ் என்பவர் நியூஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரிலுள்ள பலத்த காவல் சிறையை ஆராய்ந்து, 1958-ல் தம் நூலை வெளியிட்டார். 1960-ல் ஷெல்டன் மெஸ்ஸிங்கர் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் கைதிகளின் சட்டத்தை ஐந்து கட்டளைகளாகத் தொகுத்துக் கொடுத்தார். அவற்றின் சாரம் இது.

முதலாவது, சக கைதியைக் காட்டிக்கொடுக்காதே. எல்லாவற்றிலும் பெரிய கட்டளை இதுவே. இதை மீறுகிறவனுக்கு "எலி" என்று பெயர். அந்தப் பெயர் ஒருவன்மேல் ஒட்டிவிட்டால் உரிந்து விழுவதில்லை.

இரண்டாவது, வீண் சண்டைக்குப் போகாதே; கோபத்தை அடக்கு; உன் தண்டனைக் காலத்தை நீ அமைதியாகக் கழி.

மூன்றாவது, சக கைதியைச் சுரண்டாதே. சொன்ன சொல்லைக் காப்பாற்று, திருடாதே, பட்ட கடனைத் திருப்பிக் கொடு.

நான்காவது, தளர்ந்து போகாதே. துன்பத்தை முறையிடாமல் தாங்கு, அழுது நிற்காதே.

ஐந்தாவது, காவலரை நம்பாதே. அவர்களுடைய பக்கம் சாயாதே.

சிறிது நிதானித்து இவற்றை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். உண்மை, பொறுமை, நாணயம், தைரியம், விசுவாசம் ஆகிய நற்குணங்கள் இவற்றில் அடங்கியிருக்கவில்லையா? நம்முடைய பிள்ளைகளுக்கு நாம் போதிக்கிற பலவற்றையும் ஆயுத முனையில் கொள்ளையடித்தவனும் மனிதனைக் கொன்றவனும் தங்களுக்குள் போதித்துக்கொள்கிறார்கள். நியாயப்பிரமாணம் இல்லாதவர்களுடைய இருதயத்திலும் அதன் கிரியை எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமருக்கு எழுதின நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் கூறுவதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இந்தச் சட்டம் ஏன் பிறந்தது என்பதையும் ஸைக்ஸ் ஆராய்ந்தார். சிறை ஒருவனிடமிருந்து ஐந்தைப் பறிக்கிறது: சுதந்திரம், உடைமைகளும் வசதிகளும், தாம்பத்திய உறவு, சொந்தமாக முடிவெடுக்கும் உரிமை, உயிர்ப் பாதுகாப்பு. கடைசியாகச் சொன்னது விசித்திரமாகத் தோன்றலாம். இத்தனை காவலர்கள் நிற்கும் இடத்தில் பாதுகாப்பு இல்லையா? இல்லை. மற்றக் கைதிகளோடு வாழவேண்டியிருப்பதே சிறையின் மிகப் பெரிய கொடுமை என்று ஒரு கைதி தம்மிடம் கூறியதை ஸைக்ஸ் பதிவு செய்திருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் மானத்தோடும் உயிரோடும் இருப்பதற்கு அவர்கள் கட்டிக்கொண்ட வேலியே இந்தச் சட்டம். ஆனால் இதை வாயாரப் புகழ்கிறவர்கள் பலர், முழுமையாகக் கைக்கொள்கிறவர்கள் சிலரே என்றும் அந்த ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதிலும் அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர்!

கீழே ஒருவன் வேண்டும்

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சிறைக்குள் எல்லாக் குற்றமும் சமமாக எண்ணப்படுவதில்லை. பல நாடுகளின் சிறைகளில் ஆயுதக் கொள்ளைக்காரனுக்கு ஒருவித மதிப்பு உண்டு. குழந்தைகளுக்குப் பாலியல் தீங்கு செய்தவனோ படியின் அடியில் கிடக்கிறான். அவனோடு யாரும் சேர்ந்து உண்பதில்லை. அவனை அடிப்பது நற்செயலாகவே கருதப்படுகிறது. இங்கிலாந்தில் இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தனிப் பிரிவுகளே வைத்திருக்கிறார்கள்.

ஜான் கேகன் என்னும் முன்னாள் பாதிரியார், பத்து வயதுச் சிறுவனிடம் தகாத முறையில் நடந்ததற்காக 2002-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தண்டிக்கப்பட்டார். அவருக்கு எதிராக நூற்றுக்கும் மேற்பட்டோர் முறையிட்டிருந்தார்கள். 2003 ஆகஸ்டு 23 அன்று சிறை அறைக்குள்ளேயே இன்னொரு கைதி அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். கொன்றவன் யார்? 1988-ல் செய்த ஒரு கொலைக்காக ஆயுள் தண்டனை அனுபவித்துக் கொண்டிருந்தவன். குழந்தைகளின் சார்பாகத் தான் அதைச் செய்ததாகவே அவன் எண்ணினான்.

குழந்தைக்கு இழைக்கப்பட்ட தீமையைக் கண்டு கொதிப்பது சரியே. அந்தக் கொதிப்பு கொலைகாரனுக்குள்ளும் உயிரோடிருப்பது மனச்சாட்சியின் அடையாளமே. ஆயினும் அந்த மனச்சாட்சி யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். அது தன் கையிலுள்ள இரத்தக் கறையைக் காணவில்லை. அடுத்தவனுடைய கறையைக் கண்டது. "நான் எவ்வளவு கெட்டவனானாலும் அவனைப்போல் அல்ல" என்னும் எண்ணம் தாழ விழுந்த மனிதனுக்கு நிற்க ஒரு படியைத் தருகிறது. ஆலயத்தில் ஆயக்காரனைச் சுட்டிக்காட்டித் தன் நீதியை அளந்துகொண்ட பரிசேயனும் ஏறி நின்றது இதே படியில்தான்.

சாந்தா ஃபேயில் கொட்டிய இரத்தம்

"காட்டிக்கொடுக்காதே" என்னும் முதற்கட்டளை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1980 பிப்ரவரி 2, 3 தேதிகளில் உலகம் கண்டது. நியூமெக்சிகோ மாநிலத்தின் சாந்தா ஃபே அருகிலுள்ள சிறையில் கலகம் மூண்டது. இடத்துக்கு மிஞ்சிய கைதிகள் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். கைதிகளை மிரட்டித் துப்புக் கேட்பதும், இணங்காதவனை "இவன் எங்கள் ஆள்" என்று மற்றவர்களிடம் பெயர் கட்டிவிடுவதாக அச்சுறுத்துவதும் அச்சிறை அதிகாரிகளின் வழக்கமாயிருந்தது.

கலகக்காரர்கள் பன்னிரண்டு காவலர்களைப் பிடித்து வைத்தார்கள். அந்தக் காவலர்கள் கொடுமையாகத் தாக்கப்பட்டபோதிலும் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. சிலரைக் கைதிகளே பாதுகாத்தார்கள். ஆனால் துப்புக் கொடுத்தவர்களும் அப்படிச் சந்தேகிக்கப்பட்டவர்களும் தனியே வைக்கப்பட்டிருந்த நான்காம் பிரிவை நோக்கி ஒரு கூட்டம் சென்றது. கட்டட வேலைக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த, இரும்பை அறுக்கும் எரிவாயுக் கருவிகளால் அவர்கள் கம்பிக் கதவுகளை அறுத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சாவு தங்களை நெருங்கிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தாறு மணி நேரம் நீடித்த கலகத்தின் முடிவில் கைதிகளில் 33 பேர் மாண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சக கைதிகளின் கையால் மாண்டவர்கள்.

பகைவர் என்று கருதப்பட்ட காவலர் பிழைத்தனர். "துரோகி" என்று பெயர் வாங்கிய கைதிகள் மாண்டனர். தன் கூட்டத்தைக் காப்பாற்ற எழுந்த சட்டம் தன் கூட்டத்தையே தின்றது.

அச்சமே காவல் நிற்கிறது

அப்படியானால் ஒவ்வொரு கைதியும் மனதார இந்தச் சட்டத்தை நம்புகிறானா? ஸ்டான்டன் வீலர் என்னும் ஆய்வாளர் வாஷிங்டன் மாநிலச் சிறையொன்றில் கைதிகளின் எண்ணங்களை ஆராய்ந்து 1961-ல் வெளியிட்ட முடிவுகள் இரண்டை நாம் அறியவேண்டும்.

ஒன்று, தண்டனையின் நடுக்காலத்தில்தான் கைதிகள் சிறையின் நெறிக்குள் ஆழமாக மூழ்கியிருந்தார்கள். விடுதலை நாள் நெருங்க நெருங்க, வெளியுலகின் நெறிக்கு அவர்களுடைய எண்ணம் மறுபடியும் திரும்பியது. வீடும் வேலையும் பிள்ளைகளும் கண்முன் தெரியும்போது மனம் மாறுகிறது.

மற்றொன்று, தனித்தனியாகக் கேட்டபோது கைதிகள் பலர் மற்றவர்கள் எண்ணிய அளவுக்குக் கடினமானவர்களாக இல்லை. சட்டத்தை மதிக்கும் எண்ணம் தனக்குள் இருந்தும், "மற்றவர்கள் எல்லாரும் முரடர்கள்" என்று ஒவ்வொருவனும் நம்பிக்கொண்டிருந்தான். ஆகவே ஒருவனும் வாய் திறக்கவில்லை. ஒருவருக்கொருவர் அஞ்சி, ஒருவரும் முழுமனதாய் விரும்பாத நெறியை எல்லாரும் சேர்ந்து தாங்கிப் பிடித்தார்கள். நம்முடைய குடும்பங்களிலும் கூட்டங்களிலும் இப்படி நடப்பதில்லையா?

சட்டத்தில் இல்லாத பெயர்

இப்பொழுது அந்த ஐந்து கட்டளைகளையும் இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். சக கைதியைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. காவலரைப் பற்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. தன்னைக் குறித்தும் சொல்லப்பட்டிருக்கிறது. யாரைக் குறித்துச் சொல்லப்படவில்லை?

குத்துண்டு மாண்டவனையும், விதவையாக்கப்பட்டவளையும், தகப்பனை இழந்த பிள்ளையையும் குறித்து அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சட்டத்தின்படி ஒருவன் முழுவதும் நேர்மையாக வாழ்ந்து, மெச்சப்பட்டு, முதிர்ந்து, தான் கெடுத்த குடும்பத்தை ஒரு தடவைகூட நினையாமல் மரிக்கலாம்.

அந்த இடத்தை நிரப்புவது சாக்குப்போக்கு. ஸைக்ஸும் டேவிட் மட்ஸா என்பவரும் 1957-ல் எழுதிய கட்டுரை, குற்றம் செய்தவர்கள் தங்கள் மனச்சாட்சியை அமர்த்த ஐந்து வழிகளைக் கையாள்கிறார்கள் என்று விளக்கியது. "என் பேரில் தவறில்லை, சூழ்நிலை அப்படி" என்பது ஒன்று. "யாருக்கும் பெரிய நஷ்டமில்லை" என்பது இரண்டாவது. "அவனுக்கு அது வேண்டியதுதான்" என்பது மூன்றாவது. "என்னைக் குறைகூறுகிறவர்கள் மட்டும் யோக்கியரா?" என்பது நான்காவது. "என் நண்பர்களுக்காகச் செய்தேன்" என்பது ஐந்தாவது. நன்மை தீமை அறியாதவனுக்குச் சாக்கு வேண்டியதில்லை. அறிந்தவனுக்குத்தான் அது வேண்டும்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தில்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பின், மதுமிதா பாண்டே என்னும் இளம் ஆய்வாளர் திகார் சிறையில் பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்ற ஏறக்குறைய நூறு பேரைச் சந்தித்துப் பேசினார். அவர்களில் பலர் சாக்குச் சொன்னார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார்கள். பெண்ணின்மேல் பழி போட்டார்கள். மனம் வருந்துவதாகச் சொன்னவர்கள் மூன்று நான்கு பேரே. அவர்களும் மனிதர்களே, வெளியே நாம் வளர்த்த சமுதாயத்தின் பிள்ளைகளே என்பதுதான் அந்த ஆய்வு நமக்குத் தரும் அதிர்ச்சி.

கொலைஞர் வைக்கும் பரீட்சை

காலம் செல்லச் செல்ல அந்தப் பழைய சட்டமும் மாறிற்று. கலிபோர்னியாவின் சிறைகளில் 1970-களின் நடுவில் சுமார் 20,000 பேர் இருந்தனர். 2006-ல் அந்தத் தொகை 1,70,000-ஐத் தாண்டிற்று. முகமறியாத கூட்டத்தில் ஒருவனுடைய நற்பெயரை நம்பி நடத்த முடியாது. ஆகவே கும்பல்கள் சட்டத்தைத் தம் கையில் எடுத்தன என்று டேவிட் ஸ்கார்பெக் 2014-ல் வெளிவந்த தம் நூலில் விளக்குகிறார்.

மத்திய அமெரிக்க நாடுகளின் கும்பல்களில் ஒரு விதி இருந்தது: உள்ளே வந்தவன் பிணமாகத்தான் வெளியே போகலாம். ஆனால் அந்த விதிக்கு விலக்கு ஒன்றும் இருந்ததை ராபர்ட் பிரென்னமன் 2012-ல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஒருவன் மெய்யாகவே மனந்திரும்பிச் சுவிசேஷ சபையில் சேர்ந்தால், கும்பல் பல வேளைகளில் அவனை உயிரோடு விட்டுவிட்டது. ஆனால் விட்டுவிட்டு அவனைக் கவனித்தது. குடிக்கிறானா? பழைய கூட்டாளிகளோடு திரிகிறானா? சபைக்கு ஒழுங்காகப் போகிறானா? விசுவாசத்தை வேஷமாக அணிந்தவன் என்று கண்டால் அவனுடைய உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 2022 மார்ச்சில் எல் சால்வடோர் அரசு அவசரநிலையை அறிவித்துப் பல்லாயிரம் பேரைச் சிறையில் அடைத்த பின் அங்கே நிலைமை மிகவும் மாறிவிட்டது. ஆயினும் அந்தப் பரீட்சை நமக்குச் சொல்லும் பாடம் மாறவில்லை.

பிரேசிலின் ரியோ நகரச் சிறைகளிலும் இதையே காண்கிறோம். அங்கே பெந்தெகொஸ்தே கைதிகள் தங்களுக்குள் மேய்ப்பரையும் ஒழுங்குகளையும் ஏற்படுத்திக்கொண்டு வாழ்கிறார்கள். கும்பல்கள் அவர்களை மதிக்கின்றன. அந்த மதிப்பு அவர்களுடைய வார்த்தைக்கு அன்று, நடக்கைக்கே கிடைக்கிறது.

இரத்தப்பழி சுமந்த மனிதர்கள், "மனந்திரும்பினேன் என்கிறாயே, அது உன் வாழ்க்கையில் தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கொலைமிரட்டலோடு கேட்பது தவறு. ஆனால் கேள்வி தவறன்று. ஞாயிறுதோறும் நம்மோடு அமர்ந்திருக்கிறவர்கள் அந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

நமக்குள் இருக்கும் எழுதாச் சட்டம்

பிரியமானவர்களே, "காட்டிக்கொடுக்காதே" என்னும் கட்டளை சிறையில் மட்டும் உண்டா? ஊரை விட்டு மும்பைக்கும் தில்லிக்கும் பெங்களூருக்கும் வந்து, சொந்தபந்தம் இல்லாத இடத்தில் சபையையே குடும்பமாகப் பெற்றவர்கள் நாம். அந்த ஐக்கியம் அருமையானது. ஆனால் ஒரு சகோதரி கணவனிடம் அடிபட்டு முகம் வீங்கி வரும்போது, "வெளியே சொல்லாதே, சபைக்குக் கெட்ட பெயர்" என்று அவள் வாயை அடைத்தால், நாம் கைக்கொள்வது எந்தச் சட்டம்? ஒரு குழந்தைக்கு உறவினர் ஒருவரால் தீங்கு நேர்ந்ததை அறிந்தும் "குடும்ப மானம்" என்று மூடிவைத்தால், அதில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர் எங்கே?

2012-ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. மறைப்பது தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

சிறையிலிருப்போரைக் குறித்தும் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், தீர்ப்பு வழங்கப்படாத விசாரணைக் கைதிகள். சிறையில் இருக்கிறான் என்பதாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று முடிவுகட்டாதிருங்கள். தண்டிக்கப்பட்டவனின் மனைவியும் பிள்ளைகளும் உங்கள் சபையில் இருக்கக்கூடும். "அப்பா வெளிநாட்டில் வேலை செய்கிறார்" என்று சொல்லக் கற்பிக்கப்பட்ட பிள்ளை உங்கள் ஞாயிறு பள்ளியில் அமர்ந்திருக்கக்கூடும். முலாகாத் நாளில் அந்தத் தாயோடு ஒருவர் துணைக்குப் போனால், பள்ளிக் கட்டணத்துக்கு ஒருவர் உதவினால், அதுவும் ஊழியமே. விடுதலை நெருங்கும்போது மனிதனின் எண்ணம் வெளியுலகை நோக்கித் திரும்புகிறது என்று கண்டோம். அப்படித் திரும்புகிறவனுக்கு வாடகை வீடும் வேலையும் இல்லையென்றால், அவனை ஏற்றுக்கொள்ள மீதியிருப்பது பழைய கூட்டமே.

அதே வேளையில் அவனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் மறவாதிருங்கள். மேடையில் சாட்சி சொல்லும் முன்னாள் குற்றவாளிக்குக் கைதட்டும் நாம், அவனால் கணவனை இழந்தவளுக்காக ஒருதரமாவது ஜெபித்தோமா? சகேயு மனந்திரும்பியபோது, தான் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். பாதிக்கப்பட்டவனின் பெயர் நாவில் வராத மனந்திரும்புதல் முழுமையானதன்று.

லூக்கா சுவிசேஷத்தின் 23-ஆம் அதிகாரத்தில் மரண தண்டனை பெற்ற இருவரைக் காண்கிறோம். ஒருவன் கடைசி மூச்சிலும் அடுத்தவரை இகழ்ந்தான். மற்றவனோ தன் கூட்டாளியைக் கடிந்துகொண்டான். ஆனால் தன்னை உயர்த்திக்கொண்டு கடிந்துகொள்ளவில்லை. தாங்கள் இருவரும் அடைவது தங்கள் செய்கைக்குத் தக்க பலனே என்று ஒப்புக்கொண்டான். சூழ்நிலையைச் சொல்லவில்லை, சாக்குச் சொல்லவில்லை, தனக்குக் கீழே ஒருவனைத் தேடவில்லை. சிறையின் எழுதாச் சட்டம் ஒருபோதும் கற்பிக்காத ஒன்றை அவன் செய்தான்.

அவனுக்குத் திறந்த வாசல் சிறைக்குள் இருப்போருக்கும் திறந்தே இருக்கிறது. நமக்கும் வேறு வாசல் இல்லை.